செனோத்தே குகைவாய்ச் சுழியோட்டம்: வழிகாட்டி இருந்தால் காணுமா?

பண்ணைக்கரை எழுதியது:

வணக்கம். டிசம்பர் விடுமுறைக்கு மெக்சிக்கோ, பிளாயா டெல் கார்மென் போறதாயிருக்கு. கையில ஓப்பன் வோட்டர் எண்ட முதல் நிலைச் சுழியோடிச் சான்றிதழ். 16 இறக்கம், எல்லாம் திருகோணமலை புறாத்தீவுப் பக்கம், கடைசி இறக்கம் செப்டம்பர். அங்கத்தைய கடையள் டொஸ் ஓஹோஸ், சாக் மூல் செனோத்தேக்கு (சுண்ணாம்புக்கல் நிலம் இடிஞ்சு திறந்த தண்ணிக் குழி) வழிகாட்டியோட கூட்டிக்கொண்டு போகினம், ஓப்பன் வோட்டர் காணும் எண்டு போட்டிருக்கினம். குகைப் பயிற்சி ஒண்டும் இல்லாத ஆள் உண்மையிலேயே போகலாமா? காத்தை எப்பிடிக் கணக்குப் பாக்கிறது? கடையைத் தெரியேக்க என்ன கேக்கவேணும்?

திருமலைச் சுழியோடி எழுதியது:

தம்பி, முதல்ல சொல்லைப் பிரிச்சு விளங்கிக்கொள்ளுங்கோ. குகைவாய் வேற, குகை வேற. தண்ணிக்குள்ள நிக்கிற இடத்திலயிருந்து வாசல் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியவேணும். அதுவரைக்கும்தான் குகைவாய். அதைத் தாண்டினால் குகை, அதுக்குத் தனிப் பயிற்சி, தனிச் சாமான். செனோத்தே வழிகாட்டியள் கடைப்பிடிக்கிற எல்லை, கிட்டின வாசலிலயிருந்து 60 மீற்றருக்கு மேல உள்ள போறேல்லை எண்டது. பாடி (PADI) எண்ட சுழியோடிப் பயிற்சி அமைப்பின்ர குகைவாய்ப் பயிற்சியில இன்னும் இறுக்கம். ஆழமும் கிடைத்தூரமும் சேர்த்து மேற்பரப்புக்கு 40 மீற்றர்.

ஒரு விசயத்தைக் கனபேர் யோசிக்கிறேல்லை. அந்த எல்லை கல்லில வெட்டி வைச்ச எல்லை இல்லை, சூரியனோட நகருற எல்லை. காலமை 11 மணிக்குக் குகைவாயாய் இருக்கிற அதே இடம் பின்னேரம் 5 மணிக்குக் குகை. மழைமுகில் மூடினாலும் அப்பிடித்தான். அதனால பகல் 10 மணிக்கும் 2 மணிக்கும் இடையில இறங்குற மாதிரிப் பதியுங்கோ. டிசம்பரில அங்க பகல் கட்டை. "முதல் கூட்டம் பிந்திப்போச்சு, உங்களை நாலரைக்கு இறக்கிறம்" எண்டால் வேண்டாம் எண்டு சொல்லுங்கோ, காசு போனாலும் பரவாயில்லை.

வழிகாட்டியைப் பற்றி. அவர் முழுக் குகைச் சுழியோடிச் சான்றிதழ் வைச்சிருக்கவேணும். சாதாரண டைவ்மாஸ்ரர் எண்டால் காணாது. இரட்டைச் சிலிண்டர், இல்லாட்டி ரெண்டு பக்கமும் தொங்கவிட்ட சிலிண்டர், 2 மீற்றர் நீளக் குழாயோட ஒரு ரெகுலேற்றர் (சிலிண்டர்க் காத்தை இழுக்கிற வாய்க்கருவி), மூண்டு ரோச். ஒரு வழிகாட்டிக்கு 4 பேருக்கு மேல இல்லை. ஆனால் இவ்வளவும் இருந்தாலும் அவரின்ர திறமை உங்களுக்கு வந்திடாது. அவர் மயங்கிப்போனால், இல்லை பின்னால வந்த வேற ஆளைக் கவனிக்கத் திரும்பினால், வாசலிலயிருந்து கட்டியிருக்கிற கயித்தைப் பிடிச்சுக்கொண்டு வெளியில வர உங்களுக்குத் தெரியவேணும். அது தெரியாத ஆளுக்கு அந்த இறக்கம் இல்லை.

சோளகம் எழுதியது:

காத்துக் கணக்கை நான் சொல்லுறன். மூண்டிலொரு பங்கு விதி எண்டது இதுதான்: ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு ஆபத்துக்கு. 1970களில அமெரிக்கக் குகைச் சுழியோடி ஷெக் எக்ஸ்லி, செத்தவையின்ர விபத்துகளை ஒவ்வொண்டாய் அலசி எடுத்த காரணங்களில மூண்டு நெடுகத் திரும்பத் திரும்ப வந்துது. வாசல் வரைக்கும் தொடர்ச்சியான கயிறு இல்லை, வெளியில வரக் காத்து மிச்சம் வைக்கேல்லை, அளவுக்கு மிஞ்சின ஆழம். பயிற்சியும் வெளிச்சமும் பேந்துதான் அந்தப் பட்டியலில சேர்ந்தது.

அங்க வாடகைக்குக் கிடைக்கிறது பெரும்பாலும் அலுமினியம் 80 சிலிண்டர், உள்ளளவு 11.1 லீற்றர். 200 பார் (காத்தின்ர அமுக்க அலகு) எண்டால் மூண்டிலொண்டு 66, அதைக் கீழ்நோக்கி 60 ஆக்குங்கோ. 140 பாரில திரும்பவேணும். உங்கட கூட்டத்தில ஒராளுக்கு 180 தான் நிரப்பியிருந்தால் அவற்ற 60ஐத்தான் எல்லாரும் பாவிக்கிறது. அவர் 120இல திரும்புவார், நீங்கள் 140இல. ஆர் முதல்ல தன்ர இலக்கத்துக்கு வாறாரோ அவரோட முழுக் கூட்டமும் திரும்பும். "எனக்கு இன்னும் கிடக்கு" எண்ட கதை அங்க இல்லை.

ஏன் பாதி பாதி இல்லாமல் மூண்டிலொண்டு? டொஸ் ஓஹோஸ் மாதிரி 8 மீற்றர் ஆழம் எண்டு வையுங்கோ, அமுக்கம் 1.8 மடங்கு. வாசலிலயிருந்து 60 மீற்றரில ஒராளின்ர காத்து அறவே நிண்டுபோச்சு. மற்றவர் குடுக்கிறார். பயத்தில ரெண்டுபேரும் நிமிசத்துக்கு 30 லீற்றர் இழுப்பினம். 30 × 1.8 × 2 = 108 லீற்றர். குழாய் மாத்தி ஒழுங்குபடுத்த 2 நிமிசம், நிமிசத்துக்கு 10 மீற்றர்ப்படி வெளியேற 6 நிமிசம். மொத்தம் 864 லீற்றர், 78 பார். இப்ப வண்டல் கலங்கிக் கயித்தைத் தடவித் தடவி வாறியள், வேகம் பாதி எண்டு வையுங்கோ: 14 நிமிசம், 1512 லீற்றர், 136 பார். 140 பாரில திரும்பினவை மட்டுமட்டாய் வெளியில வருவினம். 100 பாரில திரும்பினவை வரமாட்டினம். அந்த விதியில அநியாயக் கவனம் ஒண்டும் இல்லை, சரியாய் ஒரு ஆபத்துக்கு மட்டும் அளந்து வைச்சது.

இதுக்கு உங்கட சுவாசக் கணக்கு தெரிஞ்சிருக்கவேணும். 10 மீற்றரில 10 நிமிசம் சாதாரணமாய் நீந்தி, எத்தினை பார் குறைஞ்சது எண்டு பாருங்கோ. அதை 11.1ஆல பெருக்கி, 10ஆல வகுத்து, 2ஆல வகுத்தால் மேற்பரப்பில நிமிசத்துக்கு எத்தினை லீற்றர் எண்டு வரும். புதுசாய் வாறவைக்கு 20 தொடக்கம் 25 சாதாரணம். 20 எண்டால் 8 மீற்றரில 60 பார் 18 நிமிசம் வரும். 30 எண்டால் 12 நிமிசம்தான். கூட்டம் முழுக்க உங்களாலதான் திரும்பும் எண்டு கூச்சப்பட்டு அமுக்கமானியை மறைக்கவேண்டாம். ஒவ்வொரு சில நிமிசத்துக்கும் பாருங்கோ, வழிகாட்டி கேக்கேக்க உள்ள இலக்கத்தையே காட்டுங்கோ.

குருநகர்க் கரை எழுதியது:

இதில எனக்கொரு கேள்வி. எங்கட பக்கம் கடலட்டைக்கு, சங்குக்கு இறங்குற பெடியள் ஒரு நாளிலயே கன தரம் இறங்கி ஏறுறவை. தண்ணிக்குள்ள பதட்டமே இல்லை. அவைக்கும் இந்த 60 பார், 140 பார் எல்லாம் தேவையே? அனுபவத்துக்கு ஒரு விலை இல்லையோ?

திருமலைச் சுழியோடி எழுதியது:

விலை இருக்கு அண்ணை, ஆனால் அது வேற சந்தையில. அட்டைக்கு இறங்குறவற்ர கடைசி ஆயுதம் மேல ஏறுறது. காத்து முடிஞ்சாலும், குழாய் வெடிச்சாலும், மேல ஏறினால் மூச்சு உண்டு. பெண்ட்ஸ் (கெதியாய் ஏற உடம்புக்குள்ள வாயு குமிழியாகிற வருத்தம்) வரலாம், ஆனால் வள்ளத்துக்கு வந்திடுவார். கூரைக்குக் கீழ அந்த ஆயுதமே இல்லை. கடலில பழகின உடம்பு பயம் வந்த உடன தானாய் மேல உதைக்கும். குகைவாயில அந்தப் பழக்கம் தலையைக் கல்லில கொண்டுபோய் அடிக்கும், கூரையில ஒட்டிக் கிடக்கிற தூசியெல்லாம் கொட்டும், வாசல் மறையும்.

ரெண்டாவது, அடி. அட்டை பொறுக்குறவை நிலத்துக்குக் கிட்ட, காலைக் கீழ விட்டு, அடியைக் கிளறிக்கொண்டுதான் வேலை செய்வினம். கடலில நீரோட்டம் அந்தக் கலங்கலைக் கொண்டு போயிடும். குகைக்குள்ள ஓட்டம் மெத்தக் குறைவு, கிளம்பின மண்டி மணிக்கணக்கில நிக்கும். நான் அவையைக் குறைச்சுச் சொல்லேல்லை. தண்ணிக்குள்ள பதறாத மனம் பெரிய சொத்து. அதோட இந்த ரெண்டு பழக்கத்தையும் மாத்தினால் அவை நல்ல குகைச் சுழியோடியள் ஆவினம்.

நவக்கிரியான் எழுதியது:

செனோத்தேயள் கிடக்கிற யூக்கற்றான் நிலமும் எங்கட யாழ் குடாநாடும் ஒரே குணம்: சுண்ணாம்புக்கல், ஆறு இல்லை, மழை நேர நிலத்துக்குள்ள இறங்கும், நல்ல தண்ணி உப்புத்தண்ணிக்கு மேல வில்லை மாதிரி மிதக்கும். நிலாவரைக் கிணத்தில மேல நன்னீர், ஆழத்தில உவர் எண்டு சின்னனிலயே கேள்விப்பட்டிருப்பியள். கடல் மட்டத்துக்கு மேல ஒரு மீற்றர் நன்னீர் நிண்டால் கீழ ஏறக்குறைய 40 மீற்றர் நிக்கும் எண்டது கைபன்–ஹேர்ஸ்பேர்க் தொடர்பு. கரைக்குக் கிட்ட வர வர அந்த வில்லை மெலியும். அதாலதான் கரைக்குக் கிட்டின சாக் மூலில 10, 12 மீற்றரிலயே உப்புப்படை வருது.

அந்த எல்லையில சுழியோடிக்கு ரெண்டு காரியம் நடக்கும். ஒண்டு பார்வை. நன்னீரும் உவரும் கலக்கிற இடத்தில ஒளி முறிஞ்சு, சர்பத்துக்குள்ள சீனி கரையிற மாதிரி எல்லாம் நெளியும். முன்னுக்குப் போறவற்ர காலடியில நிண்டால் அமுக்கமானியே வாசிக்க ஏலாது. பயப்பட ஒண்டும் இல்லை. ஒரு பக்கமாய் விலகுங்கோ, இல்லை அரை மீற்றர் மேலயோ கீழயோ போனால் தெளியும்.

மற்றது மேலுதைப்பு. கடல்நீர் நன்னீரை விட நூற்றுக்கு இரண்டரை அடர்த்தி கூட. சாமானோட உங்கட மொத்தப் பாரம் 100 கிலோ எண்டால் வித்தியாசம் ஏறக்குறைய இரண்டரைக் கிலோ. அதனால புறாத்தீவில மிதக்காமல் இருக்க 6 கிலோ ஈயம் கட்டினவருக்கு அதே உடுப்போட செனோத்தேயில மூண்டரைதான் கணக்கு. உப்புப்படைக்குள்ள இறங்கேக்க திடீரெண்டு மேல தூக்கும், திரும்ப நன்னீருக்கு ஏறேக்க கீழ விழுத்தும். ஏறேக்க விழுறதுதான் மோசம், ஏனெண்டால் அடியில வண்டல். படையைக் கடக்க முதலே மிதப்பைக் கூட்டிக் குறைக்கிற மேலங்கிக்குக் காத்து விட ஆயத்தமாய் விரலை வைச்சிருங்கோ. சிலிண்டரின்ர பாரத்தையும் மறக்கவேண்டாம். 200 பார் காத்து ஏறக்குறைய 2.7 கிலோ. மூண்டில ரெண்டு முடிய 1.8 கிலோ இலேசாவியள், அலுமினியச் சிலிண்டர் மிதக்கப் பாக்கும். ஈயத்தைப் பரிசோதிக்கிறது முடிவை நினைச்சுத்தான்.

குருநகர்க் கரை எழுதியது:

அப்ப நிலாவரையிலயே பழகலாமே? இஞ்ச கிடக்கிறதை விட்டிட்டு மெக்சிக்கோ ஏன்?

நவக்கிரியான் எழுதியது:

வேண்டாம். செனோத்தேயில வாசலிலயிருந்து கட்டி, பராமரிச்ச நிரந்தரக் கயிறு கிடக்கு, வரைபடம் கிடக்கு, எந்தத் திசையில வாசல் எண்டு அம்புக்குறி கிடக்கு, தொலைஞ்சால் தேடி இறங்கப் பழகினவை பக்கத்தில இருக்கினம். நிலாவரையில இதில ஒண்டும் இல்லை. சுவர் செங்குத்து, பக்கவாட்டில எங்க திறக்குது எண்டு தெரியாமல் இறங்குறது புதுக்குகை ஆராய்ச்சி. அது முழுக் குகைப் பயிற்சி முடிச்ச ஆக்கள் திட்டம் போட்டுச் செய்யவேண்டிய வேலை, பழகுற இடம் இல்லை. தயவுசெய்து ஒருத்தரும் முயலவேண்டாம்.

ரொறன்ரோ மருமோள் எழுதியது:

சாமான், ரோச், பதிவு. இதுகளை நான் சொல்லுறன்.

ஸ்னோர்க்கலைக் கழட்டி வைச்சிட்டுப் போங்கோ, கயித்தில கொழுவும். கத்தி, கையுறை வேண்டாம், செனோத்தேயில விடவும் மாட்டினம். கையுறை போட்டால் கை தானாய்க் கல்லைப் பிடிக்கும். கசிதுளிவீழ் (கூரையிலயிருந்து தொங்குற சுண்ணாம்புக்கல்) எண்டு புவியியலில படிச்சமே, அது கடல் மட்டம் தாழ்ந்து குகை காய்ஞ்சு கிடந்த காலத்தில ஆயிரக்கணக்கான வருசமாய்ச் சொட்டுச் சொட்டாய் வளர்ந்தது. ஒரு ஃபின் (காலில போடுற துடுப்பு) பட்டால் முடிஞ்சுது, தண்ணிக்குள்ள திரும்ப வளராது. அமுக்கமானி, ஒக்ரோபஸ் (மற்றவருக்குக் குடுக்கிற ரெண்டாவது வாய்க்கருவி) எல்லாத்தையும் நெஞ்சோட கொழுவி வையுங்கோ, ஒண்டும் தொங்கக்கூடாது. தண்ணி 25 பாகை செல்சியஸ் அளவு. எங்கட கடலில பழகின உடம்புக்கு 5 மில்லிமீற்றர் உடுப்பு வேணும், ரெண்டாவது இறக்கத்தில குளிர் பிடிச்சால் காத்து கூட இழுக்கும். வெயிற்கிறீம், நுளம்புக்குப் பூசுறது ஒண்டும் பூசாமல், குளிச்சிட்டு இறங்குங்கோ.

ரோச் ரெண்டு கேளுங்கோ. கடை ஒண்டுதான் தரும், மற்றதைக் கொண்டு போங்கோ, மேலங்கியில கொழுவி வையுங்கோ. கரையிலயே ரெண்டையும் எரிச்சுப் பாத்து, ஒண்டை நூராமல் முழு நேரமும் எரியவிடவேணும். ஏனெண்டால் அதுதான் உங்கட குரல். முன்னுக்குப் போற வழிகாட்டி உங்கட வெளிச்சம் நிலத்தில அமைதியாய் விழுறதைப் பாத்துத்தான் நீங்கள் சுகம் எண்டு அறிவார். மெதுவாய் வட்டம் போட்டால் எல்லாம் சரி. மெதுவாய்ப் பக்கத்துக்குப் பக்கம் ஆட்டினால் என்னைப் பாருங்கோ. வேகமாய் ஆட்டினால் ஆபத்து. அதனால சும்மா ரோச்சை விசுக்கக்கூடாது, மற்றவையின்ர கண்ணில அடிக்கவும் கூடாது. பெருவிரலை மேல காட்டினால் இறக்கம் முடிஞ்சுது, ஏன் எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை.

கமெரா முதல் நாளில வேண்டாம். கமெரா பிடிச்ச கை ரோச்சையும் அமுக்கமானியையும் மறக்கும், வடிவான இடத்தில நிமிர்ந்து நிண்டு கால் அடியைக் கலக்கும்.

கடையிட்ட கேக்கிறது: வழிகாட்டி முழுக் குகைச் சான்றிதழ் வைச்சிருக்கிறாரா, ஒருத்தரோட எத்தினை பேர், காத்து எத்தினையில திரும்புவியள், முதல்ல எந்தச் செனோத்தே. "பிரச்சினை இல்லை, உங்கட அனுபவத்துக்கு ஏத்தமாதிரிப் பாப்பம்" எண்டு மட்டும் சொல்லி இலக்கம் சொல்லாத கடையை விடுங்கோ. அவை உங்களிட்டத் திருப்பிக் கேக்கவேணும்: எத்தினை இறக்கம், கடைசி எப்ப, ஈயம் எவ்வளவு. ஒண்டும் கேக்காமல் காசு வாங்குற கடை கூடாது. காப்புறுதியையும் வாசியுங்கோ. கூரைக்குக் கீழ இறங்குறதைக் கன பயணக் காப்புறுதியள் விலக்கி வைச்சிருக்கும், சிறு எழுத்தில கிடக்கும்.

சோளகம் எழுதியது:

மருமோள் சொன்னது எல்லாத்துக்கும் ஓம். கடை சொல்லுறதில மட்டும் எனக்கு வேற கருத்து. 16 இறக்கத்தோட போகவே கூடாது, 50 வேணும் எண்டு நான் சொல்லுவன். சான்றிதழ் அளவுக்கு ஓப்பன் வோட்டர் காணும் எண்டது கடையின்ர எல்லை, உங்கட உடம்பின்ர எல்லை இல்லை.

திருமலைச் சுழியோடி எழுதியது:

இலக்கத்தை விட வேலையைப் பாப்பம். 100 இறங்கினவர் கையை விசுக்கி நிக்கிறதையும் காணலாம். நான் கேக்கிறது மூண்டு. ஒண்டு, 5 மீற்றரில அசையாமல், படுத்த நிலையில, முழங்கால் மடிச்சு, 3 நிமிசம் அரை மீற்றருக்குள்ள நிக்க ஏலுமா? ரெண்டு, அப்பிடி நிண்டுகொண்டே மாஸ்க்கைக் கழட்டித் திரும்பப் போட்டுத் தண்ணியை வெளியேத்த ஏலுமா, கீழயும் போகாமல் மேலயும் போகாமல்? மூண்டு, தவளைக்கால் அடிக்கத் தெரியுமா? மேலும் கீழும் அடிக்கிற சாதாரண உதை தண்ணியை நிலத்துக்குத் தள்ளும், தவளை உதை பின்னால தள்ளும். இந்த மூண்டும் வந்தால் டொஸ் ஓஹோஸ் மாதிரி 10 மீற்றருக்குள்ள உள்ள இடத்துக்குப் போகலாம். வராட்டி 50 இறங்கினாலும் கரையில நிக்கட்டும்.

தம்பிக்கு இன்னொரு பிரச்சினை காலம். திருமலைப் பருவம் முடிஞ்சு டிசம்பர் வரைக்கும் தண்ணி தொடாமல் போனால் மூண்டு மாத இடைவெளி. நவம்பரில தெற்குக் கரை திறக்கும். ஹிக்கடுவ, உனவட்டுனப் பக்கம் போய் ரெண்டு நாள் இந்த மூண்டையும் மட்டும் பழகுங்கோ, மீன் பாக்கிறதை விடுங்கோ. கண்ணை மூடிக்கொண்டு கயித்தைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில வளையம் மாதிரி வைச்சு நடக்கிறதை வீட்டு முற்றத்திலயே பழகலாம். கதிரை, மரம், மதில் எண்டு 20 மீற்றர் கட்டுங்கோ. கயித்தை இழுக்கக்கூடாது, விரல் அதைச் சுத்தி ஓடவேணும். ஒராள் மற்றவற்ர முழங்கையைப் பிடிச்சு வரட்டும். தள்ளினால் போ, இறுக்கிப் பிடிச்சால் நில், இழுத்தால் பின்னுக்குப் போ.

பண்ணைக்கரை எழுதியது:

மெத்தப் பெரிய உபகாரம். இன்னும் ரெண்டு. தடிமன் இலேசாய் இருந்தால் மருந்து எடுத்துப்போட்டு இறங்கலாமா? ஆங்ஹெலித்தா எண்ட செனோத்தேயின்ர படம் பாத்து ஆசை வருது, அதுக்கு இந்த முறை போகலாமா?

சோளகம் எழுதியது:

தடிமனோட வேண்டாம். கடலில ஒருக்கா இறங்கி ஒருக்கா ஏறுவம். குகைவாயில கூரையும் நிலமும் ஏறி இறங்க, நீங்களும் அதோட பத்துத் தரம் ஏறி இறங்குவியள், ஒவ்வொரு தரமும் காது சமப்படுத்தவேணும். மருந்தின்ர வேகம் இடையில முறிஞ்சால் உள்ள அடைபட்ட காத்து ஏறேக்க வெளியேறாது, நெத்தியில குத்தும். வாசலுக்கு வாற வழியில கூரையைத் தாண்ட ஏறித்தான் ஆகவேணும் எண்டால் அந்த வலியோட ஏறவேண்டியதுதான்.

ஆங்ஹெலித்தா இந்த முறை இல்லை. அது 60 மீற்றர் ஆழக் கிணறு. 30 மீற்றர் அளவில நிக்கிற முகில் ஐதரசன் சல்பைட்டு, அழுகின இலைகுழையின்ர வாயு. அது பாக்கவும் அதுக்குள்ள போகவும் அட்வான்ஸ்ட் சான்றிதழும் ஆழ அனுபவமும் வேணும். முகிலுக்குள்ள வெளிச்சம் செத்துப்போகும், கனநேரம் நிண்டால் தலையிடிக்கும். பிற் எண்ட செனோத்தேயும் அதே வகை.

திருமலைச் சுழியோடி எழுதியது:

ஒண்டு விட்டுப்போச்சு. உள்ள ஒரு பலகை காண்பியள், கையில அரிவாளோட எலும்புக்கூடு கீறி, இதுக்கு மேல போகாதேங்கோ எண்டு எழுதியிருக்கும். வழிகாட்டி "வாங்கோ, கொஞ்சம்தான்" எண்டு சைகை காட்டினாலும் அதைத் தாண்டவேண்டாம். 2012இல சாக் மூலில வழிகாட்டியும் அவரோட போன 2 பேரும் குகைக்குள்ள போய்ச் செத்தவை. பெருவிரலைக் காட்டுங்கோ, கயித்தில வாசல் பக்கம் திரும்பி நில்லுங்கோ. நல்ல வழிகாட்டி எண்டால் கேள்வி கேக்காமல் திரும்புவார்.

கூட்டத்தில அனுபவம் ஆகக் குறைஞ்ச ஆள் வழிகாட்டிக்கு நேர பின்னால, ஆகக் கூடினவர் கடைசியில. உங்கட இடம் வழிகாட்டிக்கு நேர பின்னால எண்டு இறங்க முதலே கேட்டு வாங்குங்கோ.

ரொறன்ரோ மருமோள் எழுதியது:

பிளேனை மறக்காதேங்கோ. கன இறக்கம் செய்தால் கடைசி இறக்கத்துக்குப் பிறகு 18 மணித்தியாலம் பறக்கக்கூடாது. செனோத்தேயைப் பயணத்தின்ர நடு நாளுகளில வையுங்கோ. முதல் நாள் வேண்டாம், களைப்பும் நித்திரைக் குழப்பமும் காத்தைக் கூட இழுக்க வைக்கும். முதல்ல கடலில ஒரு இறக்கம் செய்து, வாடகை உடுப்போட ஈயத்தைச் சரிபாத்து, அதிலயிருந்து இரண்டரைக் கிலோ கழிச்சுச் செனோத்தேக்குக் கொண்டு போங்கோ.

பண்ணைக்கரை எழுதியது:

ஓமக்கா. கடைக்கு இண்டைக்கே எழுதுறன்: காலமை 10 மணி, டொஸ் ஓஹோஸ், 140இல திரும்புறது, ரோச் ரெண்டு. நவம்பர் ஹிக்கடுவப் பஸ்ஸையும் இப்பவே பதியுறன்.